அன்பு, தொண்டு, ஏற்பு: மனநிறைவுக்கு இவற்றை அன்றாடம் எப்படிச் செய்வது?

செங்காங்வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று நிறையாமலே இருக்கிறது. கோயில் சொற்பொழிவுகளில் அன்பு செய், தொண்டு செய், வருவதை ஏற்றுக்கொள் என்கிறார்கள். கேட்கும்போது சரியாகப் படுகிறது. திங்கட்கிழமை காலையில் எழுந்து எதைச் செய்வது என்றுதான் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

பிடிக்காத மனிதர்மேல் அன்பு வைக்க முயன்றால் நடிப்பதுபோல் ஆகிவிடுகிறது. அதற்கு முறை ஏதும் உண்டா?

வாரத்தில் அரை நாள் ஒதுக்க முடியும். தமிழ் நன்றாகவும் ஆங்கிலம் சுமாராகவும் வரும். சிங்கப்பூரில் எந்தத் தொண்டூழியத்தில் நான் உண்மையிலேயே பயன்படுவேன்?

அம்மாவுக்கு மறதிநோய், தொடக்கநிலை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏற்றுக்கொள்வது என்றால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதா?

கடைசியாக, என் நிம்மதிக்காகத் தொண்டு செய்தால் அது சுயநலம் ஆகாதா?

---

மைத்திரி_வகுப்பு எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பிடிக்காதவரிடமிருந்து தொடங்கியதால்தான் நடிப்பாகப் போயிருக்கிறது. மைத்திரி தியானம் என்பது தனக்கும் பிறருக்கும் நலம் விரும்பும் பயிற்சி. அதைப் படிப்படியாக எழுதி வைத்த பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்திருக்கிறார். தொடக்கத்தில் நான்கு பேரை விட்டுவிடச் சொல்கிறார்: பிடிக்காதவர், உயிருக்குயிரானவர், நமக்கு எதுவும் தோன்றாத பொதுவானவர், பகைவர். பிடிக்காதவரை நினைத்தால் கோபம்தான் வரும். உயிருக்குயிரானவரை நினைத்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலை வந்து மனம் கலங்கும். இறந்தவர்களை இந்தப் பயிற்சியில் எப்போதுமே கொள்வதில்லை.

முதலில் தன்னை நினைக்க வேண்டும். அடுத்து, நமக்கு நல்லது செய்த, மதிப்புக்குரிய ஒருவர். பள்ளி ஆசிரியராக இருக்கலாம். அதன்பிறகே நெருங்கியவர், பிறகு பொதுவானவர், கடைசியில் பகை உள்ளவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். 15 நிமிடம். மூன்று நான்கு சின்ன வாக்கியங்களை உங்கள் வாய்க்கு வரும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்: "நோயில்லாமல் இருக்க வேண்டும். பயமில்லாமல் இருக்க வேண்டும். மனம் லேசாக இருக்க வேண்டும்." மூச்சு வெளியே போகும்போது ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். முதல் இரண்டு வாரம் நீங்களும் அந்த ஆசிரியரும் மட்டும் போதும்.

பெரும்பாலானோர் பொதுவானவரிடம் வரும்போது விட்டுவிடுகிறார்கள். கோப்பிக் கடையில் தட்டு எடுப்பவர், உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தைக் கூட்டுபவர், இப்படி ஒருவரை நினைக்கும்போது மனத்தில் ஒன்றுமே எழாது. "எனக்கு வரவில்லை" என்று எழுந்துவிடுவார்கள். உணர்ச்சி பொங்க வேண்டும் என்று இந்தப் பயிற்சி கேட்கவில்லை. அவர் நலமாக இருக்கட்டும் என்று மனமறிந்து விரும்பினால் அதுவே பயிற்சி. அதில் வேர் பிடித்த பிறகுதான் கடினமானவர். அவரிலும் சின்ன உரசல் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். நடைபாதையை அடைத்துச் செருப்பு அலமாரி வைத்திருக்கும் அண்டைவீட்டார் போதும். கோபம் ஏறினால் உடனே ஆசிரியரிடம் திரும்பி வந்துவிடுங்கள். உங்களை அடித்தவர், ஏமாற்றியவர் என்று பெரிய காயம் இருந்தால் தனியாக இதில் இறங்காதீர்கள். மனநல ஆலோசகர் துணை வேண்டும். நலம் விரும்புவதால் அவர் செய்தது சரியாகிவிடாது. மறுபடி கடன் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இன்னொன்று. மைத்திரி, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை என்ற இந்த நான்கும் பதஞ்சலி யோக சூத்திரத்திலும் (1.33) வருகின்றன. பௌத்த மரபில் ஒவ்வொன்றுக்கும் அதைப்போலவே தோற்றமளிக்கும் ஒரு போலியையும் சொல்வார்கள். அன்புக்குப் பற்று, கருணைக்குத் துயரம், சமநிலைக்கு அக்கறையின்மை. நீங்கள் செய்த நல்லதை எதிராளி கண்டுகொள்ளவில்லை என்றதும் சுருக்கென்று கோபம் வருகிறதா? அங்கே பற்று கலந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கினால் போதும்.

---

மூத்தோர்_தோழமை எழுதியது:

செங்காங்வாசி, தமிழ் நன்றாக வரும் என்று சொன்னீர்களே, அதுதான் இங்கே கிடைக்காத பொருள். துடிப்பாக மூப்படையும் நிலையங்களுக்கு வரும் மூத்தோரில் தமிழர் சிலரே இருப்பார்கள். மற்றவர்கள் மாண்டரினிலோ ஹொக்கியனிலோ பேசிக்கொண்டிருக்க, நம்மவர் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். தாதிமை இல்லங்களிலும் இதே நிலைதான். மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மலாயும் ஆங்கிலமும் பலருக்கு முதலில் நழுவும். தாய்மொழிதான் கடைசிவரை நிற்கும். அந்த நேரத்தில் தமிழில் பேச ஓர் ஆள் வருவது சாதாரண உதவி இல்லை.

வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். 'கிவிங் டாட் எஸ்ஜி' தளத்திலும் தேடலாம். ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் 1948 முதல் இயங்குகிறது. தாதிமை இல்லமும் நடத்துகிறார்கள், எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். வீடு வீடாகச் சென்று முதியோரைச் சந்திக்க விருப்பமென்றால் ஏஐசி எனும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் கீழ் முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை முதியோரைக் காணச் செல்லும் தூதர் பணி இருக்கிறது. அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்களில் பயிற்சி முடித்த பிறகே நோயாளி அருகில் விடுவார்கள். தொடக்கத்திலேயே அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து. ஓராண்டு மூத்தோரோடு பழகிவிட்டுப் போனால் தாங்கும்.

போய் உட்கார்ந்து என்ன செய்வது என்று பலர் திகைப்பார்கள். தமிழ் முரசு வாங்கிக்கொண்டு போங்கள். கண்ணில் புரை விழுந்தவருக்குத் தலைப்புகளை மட்டும் முதலில் வாசியுங்கள், எது வேண்டும் என்று அவர் சொல்லட்டும், அதை முழுக்க வாசியுங்கள். மரண அறிவிப்புப் பக்கத்தை வாசிக்கச் சொல்வார்கள். தயங்காமல் வாசியுங்கள், தெரிந்த பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுக்கு முக்கியம். காது மந்தமென்றால் நன்றாகக் கேட்கும் பக்கம் உட்கார்ந்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி பேசுங்கள். கத்த வேண்டாம். வயதானால் கீச்சுக்குரலின் ஒலிகள்தான் முதலில் போகும். குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொன்னால் பிடிபடும். "எப்படி இருக்கீங்க?" என்றால் "இருக்கேன்" என்பதோடு நின்றுவிடும். "செம்பவாங் கடற்படைத் தளத்திலா வேலை பார்த்தீங்க, துறைமுகத்திலா? அப்போ எந்தக் கம்பத்துல வீடு?" என்று கேட்டுப் பாருங்கள் ஐயா, ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

அன்பு மிகுந்து கெடுதல் செய்யும் இடம் உணவு. கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் பார்க்காமல் எதையும் கொடுக்கக் கூடாது. விழுங்கச் சிரமப்படுவோருக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டித்தூள் கலந்துதான் கொடுப்பார்கள். உணவும் பானமும் 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 2ஆம் நிலை கெட்டிப்பானம் குறித்திருக்கும் பாட்டி "ஒரு மடக்கு கோப்பி குடும்மா" என்று கெஞ்சுவார். மனம் இளகி வெறும் கோப்பியைக் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். தாதியிடம் கேளுங்கள், அதே கோப்பியில் தூள் கலந்து தருவார். பாட்டிக்கும் ஆசை தீரும்.

மாத்திரை எடுத்துக் கொடுக்காதீர்கள். பணம் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். "அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள், வர முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர. அவர்கள் அந்த நாளுக்காகக் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். வாரா வாரம் மூன்று மணி நேரம் போய் இரண்டு மாதத்தில் நிறுத்துவதைவிட, இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்று ஓராண்டு போவது மேல். நிறுத்த வேண்டி வந்தால் ஒரு மாதம் முன்பே அவரிடமே சொல்லி, வேறொருவரை அழைத்து வந்து அறிமுகப்படுத்திவிட்டு விலகுங்கள்.

---

அடுப்படித்_தொண்டு எழுதியது:

பேச்சுத்துணை எல்லோருக்கும் ஒத்துவராது. மனம் ஓயாமல் சுழன்றுகொண்டிருப்பவர்களுக்குக் கையால் செய்யும் வேலை நல்லது. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசையில் உடலால் செய்யும் தொண்டைத்தான் முதலில் வைத்தார்கள். திருநாவுக்கரசர் உழவாரத்தைக் கையில் எடுத்துக் கோயில் வழியில் புல் செதுக்கியவர். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். இன்றும் அங்கே பசித்தவருக்குச் சோறு போடுகிறார்கள். பசி எல்லோருக்கும் பொது என்பதால் சாதி, மதம் கேட்காமல் உடனே செய்யக்கூடிய தொண்டு அது.

இங்கே கோயில் அன்னதானங்கள், டவுனர் ரோட்டு சீக்கியர் கோயிலின் லங்கர் எனும் இலவச உணவுக்கூடம், ஜாலான் ஊபியில் வில்லிங் ஹார்ட்ஸ் அறநிறுவனத்தின் சமையற்கூடம் ஆகியவற்றில் காய் நறுக்கவும் பொட்டலம் கட்டவும் ஆள் தேவைப்படும். வில்லிங் ஹார்ட்ஸில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். வேலைக்குப் போகுமுன் வந்து செய்பவர்களும் உண்டு.

நண்பர்கள் சேர்ந்து நீங்களே சமைத்து வழங்குவதாக இருந்தால் சில அளவுகள். 100 பேருக்குச் சோற்றுக்கு 10 முதல் 12 கிலோ அரிசி, சாம்பாருக்கு 2½ முதல் 3 கிலோ துவரம் பருப்பு. உடலுழைப்பு வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களுக்கென்றால் அரிசி 15 கிலோ வரை போகும். சமைத்த உணவு 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குக் கீழ் இருக்கும் காலம் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சமைத்து முடித்த நேரத்தைப் பொட்டலத்திலேயே எழுதிவிடுங்கள். விடியற்காலை 4 மணிக்குக் கட்டிய பொட்டலத்தைக் கட்டுமானத் தளத்தில் மதியம் 12 மணிக்குப் பிரித்தால் சோறு நொந்திருக்கும். சோற்றில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாதவை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாம்பார் அண்டாவைச் சூட்டோடு இறுக மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், சீக்கிரம் புளிக்கும். தேங்காய் சேர்ந்தால் இன்னும் விரைவு. வயிற்றுப்போக்கு உள்ளவர் அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையல் பக்கமே வரக் கூடாது, எவ்வளவு ஆர்வம் இருந்தாலும்.

பலர் பரிமாற மட்டுமே வருவார்கள். வாழ்த்து அங்கேதான் கிடைக்கும். நீங்கள் அண்டா தேய்க்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். யாரும் பார்க்காத இடத்தில் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டி முடிக்கும்போது மனத்துக்குள் முணுமுணுப்பு எழுகிறதா என்று கவனிக்கலாம். மேலே மைத்திரி_வகுப்பு சொன்ன பற்றைச் சோதிக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியாது.

---

பராமரிப்பாளர்_வட்டம் எழுதியது:

அம்மாவைப் பற்றிய கேள்விதான் இவற்றில் அவசரமானது.

ஏற்பது என்றால் நோய் வந்துவிட்டது என்ற உண்மையோடு சண்டை போடுவதை நிறுத்துவது. அப்படி நிறுத்தியவர்களால்தான் செய்ய வேண்டியதை நேரத்தில் செய்ய முடிகிறது. "அதெல்லாம் சும்மா வயசுக் கோளாறு" என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் எல்பிஏ (லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி) பத்திரத்தில் கோட்டை விடுகின்றன. அம்மா தனக்குப் பதிலாக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம் அது. அதைச் செய்யும்போது அவருக்கு மனத்திறன் இருக்க வேண்டும்; அங்கீகாரம் பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர் அல்லது வழக்கறிஞர் அவரிடம் தனியே பேசிச் சான்றளிப்பார். தொடக்கநிலையில் பெரும்பாலும் முடியும். திறன் போன பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அதிகாரம் வாங்க வேண்டும். செலவும் அதிகம், மாதக்கணக்கில் இழுக்கும். கூடவே, பின்னாளில் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எங்கே இருக்க விருப்பம் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டுப் பதிந்து வையுங்கள்.

இல்லப் பராமரிப்பு மானியத்துக்கு இப்போதே விண்ணப்பித்து ஏமாற வேண்டாம். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றுக்கு எப்போதும் உதவி தேவைப்பட்டால்தான் கிடைக்கும். பகல்நேரப் பராமரிப்பு பற்றி ஏஐசியின் 1800-650-6060 எண்ணில் கேளுங்கள்.

அன்றாடம் வரும் சிக்கல் வேறு. காலமாகிவிட்ட அப்பாவை "எங்கே?" என்று அம்மா கேட்பார். "அப்பா போய்ப் பத்து வருஷம் ஆச்சும்மா" என்று திருத்தினால், அந்தச் செய்தியை முதன்முறை கேட்பதுபோல ஒவ்வொரு தடவையும் துடிப்பார். "அப்பா நினைப்பா இருக்காம்மா? அவருக்கு உங்க கையால எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். மீன் குழம்பு என்று ஆரம்பித்தால் முகம் மாறும். கேள்வியின் விடையைவிட அதன் பின்னால் உள்ள ஏக்கத்துக்குப் பதில் சொல்வது முக்கியம். ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டால் "இப்பத்தானே சொன்னேன்" என்பதை விட்டுவிடுங்கள். சொன்னது அவர் மூளையில் பதிவதே இல்லை, உங்களைச் சோதிக்க அவர் கேட்கவில்லை. குளிக்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அரை மணி கழித்து, வெந்நீர் பிடித்து வைத்துவிட்டு, துண்டைக் கையில் கொடுத்து அழைத்துப் போங்கள்.

உங்களுக்கான பயிற்சி இது. இரவில் பத்து நிமிடம். ஒரு தாளில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "இன்று அம்மா என் பெயரை மறந்தார்." ஐயோ, பாவம், கொடுமை எதுவும் சேர்க்காமல். அதைப் படிக்கும்போது உடம்பில் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள், தொண்டையா, மார்பா. அங்கேயே கவனத்தை வைத்துச் சில மூச்சு. பிறகு நாளைக்கு என்னால் ஆகக்கூடியது என்று ஒரே ஒரு வரி. வலி போய்விட வேண்டும் என்பதற்காக இதைச் செய்தால் பலிக்காது. வலி போனதா என்று மனம் வேவு பார்த்துக்கொண்டே இருக்கும். அழுகை வந்தால் வரட்டும். ஆள் உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதற்கு வரும் துக்கம் அது, இயல்பானதுதான்.

ஆனால் இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதை ஏற்றுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 1767, எந்நேரமும் பேசலாம்.

---

செங்காங்வாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஒன்று மட்டும். வீட்டிலேயே அம்மா இருக்கும்போது வெளியே தொண்டுக்குப் போவது சரியா? சுயநலக் கேள்விக்கும் யாராவது சொல்லுங்கள்.

---

பார்ட்லி_வாசகர் எழுதியது:

விவேகானந்தர் 1897இல் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கியபோது அதன் குறிக்கோளாக இரண்டைச் சேர்த்தே வைத்தார்: தன் விடுதலை, உலகத்தின் நன்மை. பார்ட்லி ரோட்டில் இருக்கும் சிங்கப்பூர்க் கிளை 1928 முதல் அந்த இரண்டையும் முன்வைத்தே இயங்குகிறது. ஆகவே நிம்மதி வேண்டும் என்று தொண்டுக்கு வருவதில் குற்றமில்லை. எதிரே இருப்பவரின் தேவை கண்ணில் படாமல் போகும்போதுதான் கெடும். அவருக்குத் தூக்கம் வருகிறது, நீங்கள் வந்த நேரத்துக்குப் பேசியே ஆக வேண்டும் என்று எழுப்பி உட்கார வைத்தால், அது உங்களுக்காகச் செய்வது. அவர் தூங்கட்டும் என்று திரும்பி வந்தால் அவருக்காகச் செய்தது.

அம்மாவைப் பார்ப்பது முழுத் தொண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் வெளியே அரை நாள் என்று போட்டால் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவீர்கள். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் போதும், அதுவும் அடுப்படித்_தொண்டு சொன்ன கைவேலை. வீட்டிலும் முதியவர், வெளியிலும் முதியவர் என்றால் மனம் ஆறாது. அந்த இரண்டு மணி நேரம் அம்மாவோடு இருக்க உடன்பிறந்தவரிடம் நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள். "முடிஞ்சா பார்த்துக்கோ" என்றால் யாரும் வரமாட்டார்கள்.

சோர்வுக்கு ஒரு காரணம் ஆய்விலும் தெளிவாகியிருக்கிறது. மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழுவினர் ஒரே ஆட்களுக்கு இரண்டு பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பிறர் வலியைத் தன் வலியாக உணரும் பயிற்சிக்குப் பிறகு அவர்கள் மனம் வாடியது. அடுத்து, அவர் நலம்பெற வேண்டும் என்று விரும்பும் கருணைப் பயிற்சி கொடுத்தபோது அந்த வாட்டம் தணிந்தது. அம்மா அழும்போது நீங்களும் சேர்ந்து மூழ்குவதாகத் தோன்றினால், மேலே சொன்ன மைத்திரி வாக்கியங்களை அம்மாவை நினைத்து மூச்சோடு சொல்லுங்கள். உயிருக்குயிரானவர் என்பதால் இரண்டு வாரம் முதல் படியில் பழகிய பிறகு.

வரிசை என்று கேட்டால், இந்த வாரமே எல்பிஏ சான்றளிக்கும் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அம்மா காலையில்தான் தெளிவாக இருப்பார் என்றால் காலை நேரமாகவே கேட்டு வாங்குங்கள். தொண்டூழியப் பதிவு அடுத்த மாதம்கூடச் செய்துகொள்ளலாம்.